கட்டிங் போட்ட வயதும் ருசி தெரிந்த வயதும்

வட சென்னைச் சாத்தாங்காட்டில் எந்த ஆம்பளையிடம் வேண்டுமானாலும் போய், முதன்முதலில் விஸ்கி குடித்தபோது என்ன வயது என்று கேளுங்கள். பதினாறு, பதினேழு என்று உடனே பதில் வரும். யாரோடு, எந்த இடத்தில், அன்றைக்கு என்ன கிழமை என்பது வரைக்கும் சொல்வார்கள். அதன் ருசி எந்த வயதில் பிடிபட்டது என்று கேட்டால் கேள்வியே புரியாது. "ருசியா? அது இன்னா பாயாசமா?" என்று இரும்பு யார்டில் ஒரு பெரியவர் என்னையே திருப்பிக் கேட்டிருக்கிறார்.

எனக்கு இந்த இரண்டு வயதுக்கும் நடுவில் முப்பத்து மூன்று வருஷம் ஓடியது. பதினேழில் குடித்தேன். ஐம்பதில்தான் ருசித்தேன்.

1986. திருவொற்றியூர் பக்கம் ஒரு ஒயின் ஷாப். நானும் பள்ளிக்கூடத் தோழன் ஒருவனும் காசு சேர்த்து ஒரு குவாட்டர் வாங்கினோம். 180 மில்லி. ஆளுக்குத் தொண்ணூறு, அதாவது கட்டிங். வீட்டில் எல்லாரும் பிராந்திதான் பேசுவார்கள். சளிக்கு நல்லது, பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்று பிராந்திக்கு ஒரு மருந்துப் பேர் இருந்தது. விஸ்கி என்பது சினிமா வில்லன் மாடிப்படி இறங்கி வந்து ஊற்றிக் குடிக்கிற வாட் 69. பெரிய மனுஷன் சரக்கு. அதனால்தான் அதைக் கேட்டு வாங்கினோம். கடைக்குப் பின்னால் நின்றபடி, தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தெருவைப் பார்த்துக்கொண்டே, ஒரே மூச்சில் தொண்டைக்குள் கவிழ்த்தோம். எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. ஊறுகாயை நக்கினோம். மொத்தமும் ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் அடுத்த முப்பது வருஷமும் திரும்பத் திரும்பச் செய்தேன்.

நைனா குடித்ததும் அப்படித்தான். அவர் லோடுமேன். முதலில் ஜார்ஜ் டவுன் சந்துகளில் இரும்பு தூக்கினார். நெரிசல் தாங்காமல் இரும்பு வியாபாரத்தை நகரத்துக்கு வெளியே கொண்டுபோக சிஎம்டிஏ சாத்தாங்காட்டில் சந்தை அமைத்தபோது, வேலை எங்கள் ஊருக்கே வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார். ஆங்கிள், சேனல், கட்டுக்கம்பி, பிளேட். சித்திரை வெயிலில் பிளேட்டைக் கை வைத்துத் தூக்க முடியாது, சாக்கைச் சுற்றிக்கொண்டுதான் பிடிப்பார்கள். சாயங்காலம் தோள்பட்டை எரியும், இடுப்பு கழன்றுபோகும். கடைக்குப் போவார், நின்றபடியே அடிப்பார், வருவார், விழுந்து தூங்குவார். அவருக்கு அது வலி மாத்திரை. மாத்திரையை யார் ருசித்துச் சாப்பிடுவார்கள்?

நைனா எந்த வயதில் எதைக் குடிக்க வேண்டும் என்று தீர்மானித்தது அவருடைய நாக்கு இல்லை, கோட்டை. யோசித்துப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கிறது. அவர் பிறந்தது 1940. மூன்று வருஷம் முன்பு, 1937இல், ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியிருந்தார். 1948இல் மாகாணம் முழுக்கக் கடை மூடியது. நைனாவுக்கு அப்போது எட்டு வயது. கலைஞர் 1971இல் கடையைத் திறந்தபோது முப்பத்தொன்று. 1974இல் மறுபடி பூட்டியபோது முப்பத்து நாலு. எம்.ஜி.ஆர். 1981இல் திறந்தபோது நாற்பத்தொன்று. 1987இல் சாராயத்தையும் கள்ளையும் நிறுத்தினார்கள். அப்போது நைனாவுக்கு நாற்பத்தேழு. அதற்குப் பிறகுதான் குவாட்டர் பாட்டிலுக்கு மாறினார். நடுவில் கடை இல்லாத வருஷங்களில் அவர் தாகம் காத்துக்கொண்டு நின்றதா என்ன? சுண்டக்கஞ்சி இருந்தது. கரையோரத்துக் கள்ளச்சாராயம் இருந்தது. டிஞ்சர், வார்னிஷ் என்று எதையெதையோ குடித்துக் கண் போனவர்களை, உயிர் போனவர்களைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். அதே காலத்தில் வசதியானவர்கள் டாக்டர் சீட்டு வாங்கிப் பர்மிட்டில் சீமைச் சரக்கு குடித்தார்கள். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோதும் இதே கதைதான், டாக்டர் எழுதிக் கொடுத்தால் மருந்துக் கடையில் விஸ்கி கிடைத்தது. பணக்காரன் உடம்புக்குத்தான் எந்தக் காலத்திலும் விஸ்கி மருந்தாகிறது.

நைனா 1998இல் போனார். ஐம்பத்தெட்டு வயது. கல்லீரல்.

அவர் குடித்ததில் ருசிப்பதற்கு என்ன இருந்தது என்றும் கேட்க வேண்டும். நம் ஊரில் விஸ்கி என்ற பேரில் மலிவாக விற்றதில் பெரும்பாலானது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட். அதில் நிறமும் மணமும் சேர்த்து, 42.8 சதவீதத்துக்குத் தண்ணீர் கலந்து அடைப்பார்கள். ஐரோப்பாவில் அதற்கு விஸ்கி என்று பேர் வைக்கவே முடியாது. அங்கே தானியத்தில் வடிக்க வேண்டும், குறைந்தது மூன்று வருஷம் மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும். லேபிளில் 12 என்று போட்டிருந்தால் உள்ளே கலந்திருப்பதில் எல்லாவற்றுக்கும் இளையதற்கே பன்னிரண்டு வயது ஆகியிருக்க வேண்டும். பாட்டிலுக்குள் இருப்பதற்கு இவ்வளவு வயதுக் கணக்கு. எங்கள் குவாட்டருக்கு வயதே கிடையாது. 2003 நவம்பரில் தனியார் கடைகள் போய் டாஸ்மாக்கே சில்லறை விற்பனைக்கு வந்தபோது போர்டு மாறியது, கல்லாவில் ஆள் மாறினார். எங்கள் ஐந்து நிமிஷம் மாறவில்லை.

எனக்கு நாற்பத்தேழு வயதானபோது வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் கொழுப்பு. டாக்டர் படத்தைக் காட்டிப் பேசப் பேச எனக்கு நைனாவின் வீங்கிய கால்தான் கண்ணில் நின்றது. அன்றைக்கு நிறுத்தினேன். மூன்று வருஷம் தொடவில்லை.

அப்புறம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. காசிமேட்டில் பிறந்து, சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, உலகத்தைச் சுற்றிவிட்டு ஓய்வு பெற்றவர். எங்களுக்கெல்லாம் கப்பல் மாமா. 2019இல் என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு பாட்டிலோடு வந்தார். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடித்தது. நான் தயங்கினேன். "டாக்டர் சொன்னதத் தாண்ட வோணாம். ஒரு மூடி. அவ்ளோதான். ஆனா நான் சொல்ற மாதிரி குடி" என்றார்.

பழக்க தோஷத்தில் கிளாஸை எடுத்து அண்ணாந்தேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"இன்னாடா இது, கஷாயமா? மூக்க மூடிக்கினு முழுங்குற. மொதல்ல மோந்து பாரு. அப்பால நாக்குல வெய்யி. தொண்டைக்குக் கடைசியாத்தான் வேல."

மோந்தேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அது காசிமேடு. பாட்டி வீட்டுக்குப் போகும் சின்னப் பையனாக நான் மிதித்து நடந்த மணல். படகுக்குப் பூசும் கீல், ஈரக் கயிறு, கருவாடு, விறகுப் புகை, முட்டியில் அடிபட்டபோது ஆஸ்பத்திரியில் தடவிய டிஞ்சர். எல்லாம் அந்த ஒரு மூடிக்குள் இருந்தது. மாமா காரணம் சொன்னார். அந்தத் தீவில் முளைகட்டிய பார்லியைப் பீட் என்கிற மக்கிய சதுப்புமண் கட்டிகளை எரித்து, அந்தப் புகையில் காய வைப்பார்களாம். புகை தானியத்தில் ஏறி, சாராயத்தில் ஏறி, பீப்பாயில் கிடந்து, பல ஆயிரம் மைல் தாண்டி வந்து என் பாட்டி வீட்டு வாசலைத் திறந்துவிட்டது.

நாலு சொட்டுத் தண்ணீர் விடச் சொன்னார். மணம் இன்னும் மேலே எழும்பியது. இது மாமாவின் கைராசி இல்லை. 2017இல் சுவீடனில் இரண்டு வேதியியலாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். புகை மணத்தைத் தருகிற குவாயகால் என்ற பொருள், கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் திரவத்தின் மேல்மட்டத்துக்கு வந்துவிடுகிறது. நாங்களும் முப்பது வருஷம் தண்ணி பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பீய்ச்சியவர்கள்தான். எரிச்சல் அடங்கினால் போதும் என்பதற்காகப் பீய்ச்சினோம்.

அந்த எரிச்சலைப் பற்றியும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மிளகாயின் காரத்தை எந்த நரம்பு உணர்கிறதோ அதேதான் சாராயத்தின் எரிச்சலையும் உணர்கிறதாம். இதைப் படித்த அன்றைக்கு எனக்குப் பெரிய ஆச்சரியம். நம் வீட்டுக் குழந்தைக்கு நாம் காரத்தை எப்படிப் பழக்குகிறோம்? பருப்புச் சோறு, நெய், அப்புறம் ரசத்தின் தெளிவு, அப்புறம் மண்டி, அப்புறம்தான் மீன் குழம்பு. மூன்று நாலு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பழக்குகிறோம். எடுத்த எடுப்பில் மிளகாய்த்தூளை வாயில் கொட்டுவதில்லை. பதினேழு வயதில் எங்கள் வாயில் கொட்டப்பட்டது மிளகாய்த்தூள். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்க யாருக்கும் வேளையும் இல்லை, வழியும் இல்லை.

பீப்பாயில் கிடக்கிற விஸ்கிக்கு வயது ஏறுவதும் ஊருக்கு ஊர் மாறும். ஸ்காட்லாந்துப் பீப்பாயிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது. பெங்களூரில் அம்ருத் ஆலையின் பீப்பாய்களில் 10 சதவீதத்துக்கு மேல் போகிறதாம். அங்கே பன்னிரண்டு வருஷம் ஆவது இங்கே நம் வெயிலில் நாலைந்து வருஷத்திலேயே முற்றிவிடுகிறது. அந்த அம்ருத்தை 2004இல் கிளாஸ்கோ நகரத்துக்கே கொண்டுபோய் அறிமுகப்படுத்தினார்கள், பிற்பாடு உலகமே மெச்சியது. நான் பார்த்த லோடுமேன்கள் நாற்பதில் ஐம்பத்தைந்து மாதிரி இருப்பார்கள். அவர்களும் அதே வெயிலில் முற்றியவர்கள்தான்.

இன்னொன்றையும் என்னால் மறக்க முடியவில்லை. ஆங்கஸ் மெக்டவல் என்பவர் மெட்ராஸில் கடை வைத்துச் சீமை மதுவும் சுருட்டும் இறக்குமதி செய்யத் தொடங்கியது 1826இல். அன்றைக்கு இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலா படகுக்காரர்கள்தான் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை இறக்கிக் கரை சேர்ப்பார்கள். என் அம்மாவின் முன்னோர்களில் யாராவது அந்தப் பெட்டிகளைத் தோளில் சுமந்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். உள்ளே இருந்தது எங்கள் வீட்டுக்குள் வந்து சேரக் கிட்டத்தட்ட இருநூறு வருஷம் பிடித்திருக்கிறது.

இப்போது யார்டில் கிரேன் தூக்குகிறது. கட்டி ஏற்ற பீகார், ஒடிசாப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயசு. தமிழ்நாட்டில் இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. 2016இல் கடை திறக்கிற நேரத்தையும் பகல் பன்னிரண்டு மணிக்குத் தள்ளினார்கள். இருந்தும் சாயங்காலத்தில் அந்தப் பிள்ளைகள் சுவர் ஓரமாக நின்று, தெருவைப் பார்த்துக்கொண்டே, அதே ஐந்து நிமிஷத்தில் முடிப்பதைப் பார்க்கிறேன். எடைமேடைச் சீட்டு எழுதுகிற என்னை அவர்கள் சாச்சா என்று கூப்பிடுவார்கள். ஒருநாள் ஒருவனிடம், "மொதல்ல சோறு தின்னு. உக்காந்து குடி. முடிஞ்சா குடிக்காத" என்றேன். "உடம்பு வலி சாச்சா" என்றான். நைனாவின் அதே சொல். எனக்குப் பதில் வரவில்லை.

மாமாவின் பாட்டிலில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பொங்கலுக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று என்று மூடிக் கணக்கில் எடுக்கிறேன். போன பொங்கலன்று ராத்திரி திண்ணையில் கிளாஸோடு உட்கார்ந்திருந்தபோது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு உடம்பு கூசியது. சனிக்கிழமைப் பட்டுவாடா நாளில் யார்டு வாசலில் கையேந்தாத குறையாக நின்று, நைனாவின் சட்டைப் பையிலிருந்து அரிசிக்குக் காசு எடுத்தவள் அவள். இருட்டில் அவர் தெருமுனை திரும்பும்போதே வாடையை வைத்து இன்றைக்கு எவ்வளவு என்று கணக்குச் சொல்வாள். எங்களைச் சுவர்ப்பக்கம் தள்ளிப் படுக்க வைப்பாள்.

கிளாஸைக் கீழே வைக்கப் போனேன். "குடு" என்று கையை நீட்டினாள். மூக்கருகே கொண்டுபோனாள். ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"இது உங்க நைனா வாடை இல்ல," என்றாள். "எங்கப்பன் படகு வாடை. மழைக்கு முன்னாடி கீல் காச்சுவாரு."

"ஆமாம்மா."

"உங்க நைனா இதெல்லாம் பாத்திருக்காரா?"

"இல்லம்மா."

கிளாஸை என்னிடம் திருப்பிக் கொடுக்காமல், மடியில் இரண்டு கையாலும் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.