எதிர்வீட்டு மாமி, நியூஜெர்சி வழியாக

மேற்கு மாம்பலத்தில் தடுக்கி விழுந்தால் பாட்டு டீச்சர் வாசலில்தான் விழுவோம் என்று நம்பிக் குடிவந்தோம். விழுந்தோம், கதவுதான் திறக்கவில்லை. எதிர்வீட்டு மாமி காலை 5 முதல் 8 வரை அமெரிக்காவில் இருக்கிறார், கணினி வழியாக. நியூஜெர்சிக் குழந்தைகள் டாலரில் சரளி வரிசை பாடுகின்றன. எங்கள் மகளுக்கு மட்டும், "மார்கழி போகட்டும், பார்க்கலாம்."

அடுத்த தெரு வாத்தியார் சேர்த்துக்கொண்டார். மாயாமாளவகௌளையில் தொடங்குவது புரந்தரதாசர் வகுத்த வழி. 72 மேளகர்த்தாக்களில் அது 15-ஆவது. ஒன்றரை வருஷமாக மகள் அந்தப் பதினைந்திலேயே நிற்கிறாள். ஜண்டை வரிசை எப்போது என்று கேட்டேன். "அவசரப்பட்டா சங்கீதம் வராது சார்." வாஸ்தவம். அவள் இன்னும் முதல் காலத்தில்தான் பாடுகிறாள். அவருடைய ஃபீஸ் மூன்றாம் காலத்துக்குப் போய்விட்டது.

கடைசியில் நியூஜெர்சி எடிசனில் இருக்கும் மச்சினன் முகவரியைக் கொடுத்து மகளை மாமியிடமே சேர்த்துவிட்டேன். இந்திய நேரம் காலை 5 மணிக்கு வகுப்பு. மாமியின் குரல் முதலில் ஜன்னல் வழியாக வருகிறது. இரண்டு விநாடி கழித்துக் கணினியில்.