சுட்டுத் தின்ற கிழங்கு

போன வருடம் சென்னை கொளத்தூரில் ஒரு கிழங்கு வாங்கினேன். வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய கிழங்கு. காய்ந்து கருத்திருந்தது, தலையில் நார் நாராக வேர். சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் மரத்தூளுக்குள் புதைத்து வைத்திருந்தார்கள். விலை 120 ரூபாய். கள்ளக்குறிச்சிக்கு வந்ததும் அம்மாவிடம் காட்டினேன். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள், மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது கொட்டிடா. இதையா காசு குடுத்து வாங்கிட்டு வந்த? உங்க ஆயா மடி மடியா கொண்டாரும். அடுப்புல சுட்டுக் குடுத்தா ஊதி ஊதித் திம்ப."

அம்மா சொன்னது கிட்டத்தட்டச் சரி. கடைக் கிழங்கு அபோனோகெட்டன் கிறிஸ்பஸ் வழிவந்த கலப்பினம். எங்கள் ஏரியில் இருந்த கொட்டி அபோனோகெட்டன் நாட்டன்ஸ். இரண்டும் அக்கா தங்கை மாதிரி. அந்தத் தங்கையைச் சுட்டுத் தின்று வளர்ந்தவன், அக்காவைத் தேடி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போய்க் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையம் சாலையில் இருக்கிறது. நான் பிறந்தபோது தென்னாற்காடு மாவட்டம், பிறகு விழுப்புரம், 2019இலிருந்து கள்ளக்குறிச்சி. பெயர்தான் மாறியது, தண்ணீர் வரும் வழி மாறவில்லை. கல்வராயன் மலையில் மழை பிடித்தால் கோமுகி அணை 46 அடியை எட்டும். அணையில் தண்ணீர் நின்றால்தான் எங்கள் வாய்க்காலும் ஏரியும் நிறையும். பங்குனியில் ஏரி காய்ந்து சேறு பாளம் பாளமாக வெடிக்கும்போது ஆயா களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவாள், பின்னாலேயே நான். வெடிப்பு ஓரத்தில் கொத்திப் புரட்டினால் கிழங்குகள் உருண்டு வரும். பெரியதெல்லாம் மடிக்குள். பொடிக் கிழங்கு கிடைத்தால் மறுபடி சேற்றுக்குள் வைத்துக் காலால் மிதித்துவிடுவாள்.

"அது தூங்குது. மழ வந்தா எந்திரிக்கும்."

குளம் வற்றிப் பறவைகள் போனபிறகும் குளத்தோடு இருக்கும் உறவுக்கு மூதுரை கொட்டியையும் ஆம்பலையும் நெய்தலையும் காட்டுகிறது. பள்ளிக்கூடத்தில் அதை ஒப்பித்துப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். வாயால் ஒப்பித்த கொட்டியும் வயிற்றுக்குள் போன கொட்டியும் ஒன்றுதான் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இலை அழுகிப் போனபின் கிழங்கு மட்டும் மாவுச்சத்தோடு மண்ணுக்குள் கிடந்து, ஈரம் பட்டதும் முளைவிடுவது அந்தச் செடியின் பிழைப்பு. அதை எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி சரியாகத் தெரிந்துவைத்திருந்தாள்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது சித்தப்பா எனக்கு ஒரு மீன் தொட்டி செய்து கொடுத்தார். அவர் வெல்டிங் பட்டறைக்காரர். அப்போதெல்லாம் கண்ணாடியைக் கண்ணாடியோடு ஒட்டும் சிலிக்கான் எங்கள் பக்கம் வரவில்லை. ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்து, லப்பம் வைத்துக் கண்ணாடியைப் பொருத்தி, பச்சை பெயின்ட் பூசினார். இரண்டடித் தொட்டி. ஆற்றுக் கூழாங்கல்லை ஏழெட்டுத் தண்ணீரில் அலசிப் பரப்பினேன். ஏரியிலிருந்து வேலம்பாசியைப் பிடுங்கிவந்து கல்லுக்கடியில் செருகினேன். சேலத்திலிருந்து பாலித்தீன் பையில் இரண்டு கோல்டு பிஷ் வந்தன.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொட்டியைக் காலி செய்வேன். கல்லை உப்புப் போட்டுத் தேய்ப்பேன், கண்ணாடியில் ஒரு பச்சைப் புள்ளி இருக்க விடமாட்டேன். நத்தை தெரிந்தால் பொறுக்கி எறிவேன். பிறகு குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்புவேன். மூன்றாவது வாரம் பாசி கூழானது. நாலாவது வாரம் மீன்கள் மேலே வந்து மிதந்தன. அந்தத் தொட்டியை அவ்வளவு அன்போடு கழுவினேன்.

அதே சமயம் கொல்லையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், வாய் உடைந்த ஒரு மொடா இருந்தது. ஆயா அதில் அரைக்கு ஏரி வண்டலைப் போட்டு, ஒரு அல்லியும் நாலைந்து கொட்டியும் வைத்திருந்தாள். வாய்க்காலில் பிடித்த அயிரை நாலு உள்ளே கிடந்தன. நத்தையும் இருந்தது. யாரும் அதைக் கழுவியதில்லை. வெயிலில் வற்றினால் ஒரு குடம் ஊற்றுவாள், அவ்வளவுதான். அந்த மொடாவில் எல்லாம் உயிரோடு இருந்தன. நான் ஒரு நாளும் அதை மீன் தொட்டி என்று நினைத்துப் பார்த்ததில்லை. கண்ணாடி இல்லையே!

காரணம் புரிய எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது விஷம். கல்லிலும் மண்ணிலும் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கெடுதல் இல்லாதது, செடிக்கு உரம். இந்தக் கூட்டம் ஒரு புதுத் தொட்டியில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நான் வாராவாரம் அதைத்தான் தேய்த்துக் கழுவிக் கொன்றேன். மீதி இருந்ததைக் குளோரின் பார்த்துக்கொண்டது. நத்தை விஷயமும் அப்படித்தான். லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1850இல் ஒரு கட்டுரை எழுதினார். கண்ணாடிக் கலத்தில் தங்கமீனும் வாலிஸ்னேரியா செடியும் வைத்தார். அழுகிய இலைகளால் தண்ணீர் கெட்டது. நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. வீட்டு மீன் தொட்டியின் சரித்திரம் அந்த நத்தைகளில் தொடங்குகிறது. நான் பொறுக்கி எறிந்தவையும் நத்தைகள்தான்.

2019இல் வேலையை மாற்றிக்கொண்டு ஊருக்கு வந்தேன். கையில் கொஞ்சம் காசு, மனசில் அந்தப் பச்சைத் தொட்டி. ஜப்பானின் தகாஷி அமானோவின் தொட்டிப் படங்களை ஏற்கெனவே பார்த்திருந்தேன். புகைப்படக்காரரான அவர், கண்ணாடிக்குள் ஒரு மலைச்சரிவையே செடிகளால் வரைந்தவர். 2015இல் இறந்துபோனார். அதே வருடம் லிஸ்பனில் அவர் அமைத்த 40 மீட்டர் நீளத் தொட்டி திறக்கப்பட்டது. அந்தப் படங்களின் மயக்கத்தில் மூன்றடிக்கு ஒன்றரை அடித் தொட்டி ஒன்று செய்தேன். 180 லிட்டர் பிடிக்கும். பாக்கெட்டில் வந்த மண், எல்.இ.டி. விளக்கு, வெளியே வைக்கும் பில்டர், பிளாஸ்டிக் கப்பில் செடிகள்.

அந்தக் கப்புகளின் மேல் ஒட்டியிருந்த பெயர்களைப் படித்தபோதுதான் அதிர்ந்தேன். பகோபா மோனியேரி என்று ஒரு கப். அது நீர்ப்பிரமி. வாய்க்கால் ஓரத்தில் படர்ந்து கிடக்கும், ஞாபகசக்திக்கு என்று பறித்துவரச் சொல்வார்கள். மார்சீலியா என்று ஒரு கப். அது நம் வயலில் நாலு இலை விரிக்கும் ஆரைக்கீரையின் சொந்தம். ரொட்டாலா, அம்மானியா என்று சிவப்புக்குப் பேர்போன செடிகள். ரொட்டாலா இண்டிகா நெல்வயலில் முளைக்கும் களை. அம்மானியாவில் நம் ஊர்ச் செடி கல்லுருவி, அதற்கு நீர்மேல்நெருப்பு என்றும் பெயர். தண்ணீரில் சிவப்புச் செடி வேண்டும் என்று உலகம் பூராவும் ஆட்கள் தவிக்கிறார்கள். நம்மிடம் அந்தத் தவிப்புக்கு முன்பே பெயர் இருக்கிறது. நடவு முடிந்த இருபதாம் நாள் பெண்கள் வரிசையாகக் குனிந்து இவற்றைப் பிடுங்கி வரப்பில் எறிவார்கள். பள்ளிக்கூடம் போகும் வழியில் அந்தக் குவியல்களை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

தண்ணீருக்குள் செடி நன்றாக வளரக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். சிலிண்டர் விலை அதிகம். அதனால் முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். குளிர்பான பாட்டிலில் சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணீர், கால் ஸ்பூன் ஈஸ்ட். மூடியில் ஓட்டை போட்டு டியூபைச் செருகினால் அன்று இரவே குமிழி வரும். கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. சுற்றிலும் கரும்பு. மண்ணில் விளைந்த இனிப்பு குமிழியாகி என் தொட்டிக்குள் ஏறுவதை ராத்திரி உட்கார்ந்து பார்ப்பேன்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் பிணம் கிடந்தது. கல்வராயன் மலை ஓடையோரங்களில் ஊறலைத் தேடிப் போலீஸ் ஏறியது. அந்த வாரம் அம்மா தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். என் பாட்டிலில் இருந்தது விஷமில்லை என்று அவளுக்கும் தெரியும். "அந்த வாசம் வீட்ல வேணாம்பா" என்றாள். பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லைக்கு அப்பால் ஊற்றினேன். புளித்த சர்க்கரையின் வாசம் அன்றைக்கு எனக்கும் தாங்க முடியவில்லை.

பிறகு சிலிண்டர் வாங்கினேன். விளக்கு அணையும்போது வாயுவும் நிற்க வேண்டும், அதற்கு ஒரு வால்வு உண்டு. ஒரு ராத்திரி அது மூடவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தால் மீன்கள் அத்தனையும் நீர்மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டிருந்தன. திறந்து மூடும் சின்னச் சின்ன வாய்கள், சத்தமே இல்லை. வாயுவின் அளவைக் காட்ட, தொட்டிச் சுவரில் ஒட்டிய சின்னக் கண்ணாடிக் குமிழி ஒன்று உண்டு. அதற்குள் இருக்கும் திரவம் பச்சையாக இருந்தால் அளவு சரி, மஞ்சளானால் ஆபத்து. எலுமிச்சம்பழ மஞ்சளில் இருந்தது. வாளி வாளியாகத் தண்ணீரை மாற்றினேன். ஏழு போய்விட்டன. அன்றைக்கு முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை. படத்துக்கு அழகாக வேண்டும் என்று உயிரை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன் என்று பட்டது.

சிலிண்டரைக் கழற்றினேன். டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1999இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அவர் முறையில் வாயு இல்லை, விலையுயர்ந்த மண் இல்லை. அடியில் சாதாரணத் தோட்ட மண், மேலே மணல் மூடாக்கு, முதல் நாளிலேயே நெருக்கமாகச் செடி. மண்ணிலுள்ள மக்கு சிதையும்போதே செடிக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும். மீனின் அம்மோனியாவைச் செடி நேராகவே எடுத்துக்கொள்ளும். படித்துக்கொண்டே வந்தவன் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஆயாவின் உடைந்த மொடாதான் அது.

ஏரி வண்டலைக் காயவைத்து, சலித்து, வேரும் சருகும் நீக்கி ஒரு அங்குலம் பரப்பினேன். மேலே ஒரு அங்குலம் ஆற்று மணல். எங்கள் போர்த் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் தண்ணீர், அதனால் பிடித்துவைத்த மழைநீரைப் பாதி கலந்தேன். முதல் இரண்டு வாரம் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. விளக்கைப் பத்து மணி நேரம் எரித்தபோது கண்ணாடியெல்லாம் பச்சை படிந்தது, ஆறு மணி நேரமாகக் குறைத்ததும் அடங்கியது. மீன் விட ஆறு வாரம் காத்திருந்தேன். செடியோடு ஒட்டிக்கொண்டு வந்த நத்தைகளைத் தொடவில்லை.

அந்தத் தொட்டியில்தான் கொளத்தூர்க் கிழங்கை வைத்தேன். புதைக்கக் கூடாது, பாதி மணலுக்கு மேலே தெரிய வேண்டும். ஒன்பதாம் நாள் உச்சியில் அரிசி முளை போல ஒரு வெள்ளைப் புள்ளி. அப்புறம் தினம் ஒரு விரல்கடை ஏறியது. இலை சுருண்டு எழும்பி, விரியும்போது ஓரமெல்லாம் புடவைக் கொசுவம் மாதிரி நெளிந்தது. நரம்புகள் வெளிச்சத்தில் தெரியும் அளவுக்கு மெலிசு. ஒரு மாதத்தில் ஒரு தண்டு நேராக மேலே போய், நீர்மட்டத்தைத் தாண்டி வெள்ளைக் கதிராகப் பூத்தது. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள்.

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் போகும்போதெல்லாம் இப்போது வழியில் ஓடையோரம் இறங்கி உட்காருகிறேன். மேகம் அருவிப் பக்கம் போன சின்ன வயசில் ஒரு பை நிறையப் பாசியைச் சுரண்டிக்கொண்டு வந்தவன்தான். இப்போது எதையும் எடுப்பதில்லை. அது காப்புக்காடு, அதைவிட அந்தப் பாசிக்கு வேண்டிய குளிர்ச்சியும் ஓட்டமும் என் கூடத்தில் இல்லை. பெரிய கல் எங்கே கிடக்கிறது, அதன் நிழலில் எந்தச் செடி ஒதுங்குகிறது, மீன்கள் எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஓட்டத்துக்கு எதிராகத்தான் நிற்கும், எப்போதும்.

ஏரியில் இப்போது ஆகாயத்தாமரை. வயலில் களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, களைக்கொல்லி அடிக்கிறார்கள். அடிப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, கூலிக் கணக்கு அப்படி. ஆனால் நீர்ப்பிரமியைத் தேடி ஒரு காலையில் நாலு வாய்க்கால் நடக்கவேண்டியிருந்தது. தொட்டியில் வெட்டிய செடிகளை நான் உரக்குழியில்தான் போடுகிறேன், ஏரியில் அல்ல. கேரளத்தில் 2020இல் ஆவளப்பாண்டி வாய்க்கால் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்ததைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. அது கேபம்பா, தென்னமெரிக்கச் செடி, மீன் தொட்டிக்குள் வளர்ப்பது. பூ அழகுதான். அதன் அடியில் இருந்த நம் செடிகள் என்னவாயின என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

கார்த்திகையில் மகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனேன். மதகுப் பக்கம், ஆகாயத்தாமரை நுழையாத ஒரு மூலையில், நீள இலைகள் ஏழெட்டு மிதந்தன. நடுவில் ஒரு கதிர், வெளிறிய ஊதா. கொட்டி. மகள் கையை நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

இந்தப் பங்குனியில் தொட்டிக் கிழங்கு இலைகளை ஒவ்வொன்றாக விட்டது. செத்துவிட்டது, எடுத்துப் போடலாமா என்று மகள் கேட்டாள். அம்மா உள்ளிருந்து வந்து, கிழங்கை வெளியே எடுத்து அமுக்கிப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. ஒரு கொட்டாங்குச்சியில் ஈர மணல் போட்டு, அதற்குள் வைத்து, தண்ணீர்ப் பானைக்கு அடியில் நகர்த்தினாள். தினமும் பானை கசிந்து சொட்டும் இடம் அது.