தூண் நகரவில்லை

சிறுசேரியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழ்த்தளத் தூண்கள் யாவும் கட்டிய நாளிலிருந்து கட்டிய இடத்திலேயே நிற்கின்றன. ஒன்றுகூட ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. இந்த எளிய உண்மையை நான் ஒப்புக்கொள்வதற்குச் சில பொய்களும், ஒரு குண்டான் வெந்நீரும், இன்ஷூரன்ஸில் வருடக்கணக்காகச் சேர்த்த சலுகையும் செலவாயின.

எங்கள் வட்டாரத்தை நினைத்தால் வெட்கம் இன்னும் கூடுகிறது. ஒரு காலத்தில் பெருங்களத்தூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு செய்தார்கள். மறைமலை நகரில் 2022 வரை ஃபோர்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய். ஒரகடத்தில் 2010 முதல் ரெனோவும் நிஸானும். சுற்றிலும் உலகத்துக்கே கார் செய்து அனுப்புகிறார்கள். நடுவில் உட்கார்ந்துகொண்டு, செய்த காரை ஒழுங்காக நிறுத்தத் தெரியாமல் நான்.

இத்தனைக்கும் நான் வண்டி ஓட்டுவதில் என்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருந்தவன். ஓ.எம்.ஆரில் மெட்ரோ தடுப்புகள், தண்ணீர் லாரிகள், கல்லூரிப் பேருந்துகள், எதிர்ச்சாரியில் வரும் பைக்குகள் எல்லாவற்றையும் கடந்து கீறல்படாமல் கொண்டுவந்த காரை, நல்ல வெளிச்சத்தில், ஆளே இல்லாத இடத்தில், என் வீட்டு எண் எழுதியிருக்கும் கட்டத்துக்குள் நுழைக்கும்போது இடித்தேன்.

நியாயமும் கொஞ்சம் பேசவேண்டும். விதிப்படி ஒரு காருக்கு விடும் இடம் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். இப்போது வரும் எஸ்யூவிகளில் பல, பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 1.8 மீட்டர் அகலம். மிச்சம் 70 சென்டிமீட்டர், பக்கத்துக்கு 35. அதற்குள் கதவைத் திறந்து தொந்தியையும் வெளியே கொண்டுவர வேண்டும். ஆகவே ஓட்டுநர் பக்கம் தாராளமாக இடம் விட்டு, மறுபக்கம் தூணை ஒட்டி நிறுத்துவது என் வழக்கம்.

2019 ஜூலையிலிருந்து புதிய கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயம். ஆனால் அது ரிவர்ஸ் கியர் போட்டால்தான் வாயைத் திறக்கும். “ரிவர்ஸ் எல்லாம் பயந்தவர்களுக்கு” என்று சொல்லி நான் எப்போதும் நேராகத்தான் நுழைவேன். நேராக நுழைந்து திருப்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே போகாது, உள்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். மாநகரப் பேருந்து ஓட்டுநர் தெருமுனையில் அவ்வளவு அகலம் எடுத்துத் திரும்புவது இதனால்தான். அதைப் பார்த்து, “ரோடு முழுக்க இவனுக்கே வேணுமா?” என்று திட்டுகிறவர்களில் நானும் ஒருவன். முன்பக்கம் தூணைத் தாண்டிவிட்டது, காரே தாண்டிவிட்டது என்று எண்ணி இடதுபக்கம் ஒடித்தேன். பின்கதவு தூணைச் சந்தித்தது.

‘டப்’ என்று சத்தம் கேட்டது. அங்கே நிறுத்தியிருந்தால் உள்ளங்கை அளவுச் சொட்டையோடு போயிருக்கும். யாரோ போட்ட பிளாஸ்டிக் பாட்டில் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தேன். சொட்டை கதவின் நீளத்துக்கு வளர்ந்தது.

வீட்டில் சொன்னது வேறு கதை. நாவலூர் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன், ஓர் ஆட்டோக்காரன் உரசிவிட்டுப் பறந்துவிட்டான் என்றேன். ஆட்டோக்காரர் மேல் பழி போட்டால் சென்னையில் யாரும் சாட்சி கேட்பதில்லை என்ற தைரியம். கதவில் ஒட்டியிருந்த மஞ்சள் பெயிண்டும் எனக்குச் சாதகமாகவே இருந்தது.

மனைவி செல்போன் டார்ச்சோடு கீழே வந்தாள்.

“மஞ்சள் சரிங்க. இந்தக் கறுப்பு எங்கேருந்து வந்துது?”

“ஆட்டோவுக்கு மேல கறுப்புதானே?”

“அது கூரையில. கதவு உயரத்துல எப்படி வரும்? ஆட்டோ தலைகீழா வந்து இடிச்சுதா?”

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது டார்ச் மெதுவாகத் தூண் பக்கம் திரும்பியது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்த தூணில், மிகச் சரியான உயரத்தில், என் காரின் சாம்பல் நிறம். போதாக்குறைக்கு வாட்ச்மேன் வந்து, “நான் அப்பவே விசில் அடிச்சேனே சார், நீங்க பாட்டுப் போட்டிருந்தீங்க” என்று வழக்கை முடித்துவைத்தார்.

செலவையாவது மிச்சம் பிடித்துக் காட்டலாம் என்று யூடியூபில் இறங்கினேன். நசுங்கிய இடத்தில் ஒருவர் வெந்நீர் ஊற்றுகிறார், உள்ளிருந்து தள்ளுகிறார், சொட்டை மறைகிறது. நானும் குண்டானில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கீழே கொண்டுபோய் ஊற்றினேன். கதவு நன்றாகக் குளித்தது. வீடியோவை மறுபடி பார்த்தபோதுதான் அவர் ஊற்றியது பம்பரில் என்று தெரிந்தது. பம்பர் பிளாஸ்டிக், சூட்டுக்கு இளகும். என் கதவு இரும்புத் தகடு. அதை இளக்கும் வெந்நீர் எங்கள் சமையலறையில் இல்லை.

அடுத்து, பாத்ரூம் அடைப்பு எடுக்கும் ரப்பர் பம்பு. அகலமான, ஆழமில்லாத பள்ளம் என்றால் அது ஓரளவு இழுத்துவிடும். தகடு மடிந்துவிட்டால் அந்த மடிப்பு இறுகிப்போகும், உறிஞ்சிப் பயனில்லை. என்னுடையது மடிப்பு. தெரியாமல் நான் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, சைக்கிள் ஓட்ட வந்த பொடியன் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டான்: “அங்கிள், கார்ல எங்க அடைப்பு?”

பெயிண்ட் உடையாமல் சொட்டை மட்டும் விழுந்திருந்தால், உள்ளிருந்து கம்பியால் நெம்பி, பெயிண்டே அடிக்காமல் எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் பாட்டில் என்று நினைத்து நான் மிதித்த மிதியில் அந்த வழியும் அடைந்துபோயிருந்தது.

ஆகவே சர்வீஸ் சென்டர். அங்கிருந்த தம்பி கதவைச் சுற்றி வந்து, “இன்ஷூரன்ஸ்ல போட்டுடலாம் சார்” என்றார். எனக்குள் இருந்த நடுத்தர வர்க்கம் துள்ளி எழுந்தது. வருஷா வருஷம் கட்டுகிறோமே, ஒரு தடவையாவது திரும்ப வாங்க வேண்டாமா? அதுவும் என்னிடம் இருப்பது பம்பர் டு பம்பர். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், புதிய வண்டிகளுக்கு ஐந்து வருடம் பம்பர் டு பம்பர் கட்டாயம் என்று உத்தரவிட்டு, அடுத்த மாதமே அதைத் திரும்பப் பெற்றது. அந்த நாட்களில் செய்தித்தாள் படித்த எல்லாரும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டார்கள். நானும் கற்றேன், அது எதைத் தரும், எதைத் தராது என்பதைத் தவிர.

பாரத்தில் ‘விபத்து எப்படி நடந்தது?’ என்று ஒரு கட்டம். ஆட்டோ கதையை எழுதக் கை வரவில்லை. காரைப் பார்வையிட வந்த இன்ஷூரன்ஸ் சர்வேயர் கேட்டார்: “வண்டி நின்னுட்டிருந்ததா, ஓடிட்டிருந்ததா?”

“ஓடிட்டிருந்தது.”

“எதிர்ல?”

“தூண். நின்னுட்டிருந்தது.”

அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். அந்தக் கண்ணியத்துக்கு இன்றும் நன்றி.

கார் பளபளவென்று வந்தது. கையிலிருந்து போனது கொஞ்சம்தான். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். பாலிசியைப் புதுப்பிக்கும் தாள் வந்தபோது பெருமை போனது. பம்பர் டு பம்பர் என்பது தேய்மானம் பிடிக்காமல் பணம் தருவது, அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும், உலோகத்துக்கு வண்டியின் வயதுக்கேற்பக் கழிப்பார்கள். அது இருந்தாலும், 1500 சிசி வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 1,000 ரூபாய் நம்முடையது. இதற்கெல்லாம் மேலே, ஒரு தடவை கை நீட்டினால் ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்ற தள்ளுபடி பூஜ்யத்துக்கு இறங்கிவிடும்.

அந்தக் கணக்கைக் கிளெய்முக்கு முன்னால் போட்டிருக்க வேண்டும், பின்னால் போட்டேன். நம் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பிரீமியத்தில் மட்டும் இந்தத் தள்ளுபடி உண்டு, மூன்றாம் நபர் பிரீமியத்தில் கிடையாது. கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, கடைசியில் 50. அந்தப் பகுதி வருடத்துக்கு 10,000 ரூபாய் என்றும், அது மாறுவதில்லை என்றும் வைத்துக்கொள்வோம். 50 சதவீதத்தில் இருப்பவர் 5,000 கட்டுவார். கிளெய்ம் வாங்கியவர் அடுத்தடுத்த வருடங்களில் 10,000, 8,000, 7,500, 6,500, 5,500 என்று கட்டிய பிறகே பழைய 5,000க்கு வந்துசேருவார். கூடுதலாகப் போனது 12,500 ரூபாய். எனக்குக் கம்பெனி கொடுத்தது இதைவிடக் குறைவு. ஆக, என் சொட்டைக்கு நானே தவணை முறையில் பணம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இத்தோடு முடிந்திருந்தால் அனுபவம் என்று சொல்லிக்கொள்ளலாம். மறுபடியும் இடித்தேன். அதே கதவு, அதே தூண். தூரத்தில் வாட்ச்மேன் விசிலை வாய்க்குக் கொண்டுபோவதைப் பார்த்து, அவரைத் திரும்பிப் பார்த்ததால் வந்த வினை.

இந்தத் தடவை கேளம்பாக்கம் – வண்டலூர் சாலையில் ஒரு டிங்கரிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் கதவைத் தட்டிப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். ஓரிடத்தில் ஒட்டவில்லை. “இங்க ஏற்கெனவே பட்டி பார்த்திருக்கு சார்” என்றார். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காதாம். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இது உபயோகப்படும். பிறகு குனிந்து உயரத்தைப் பார்த்துவிட்டு, “அதே தூணா சார்?” என்றார்.

பழைய பட்டியைத் தேய்த்து எடுத்தார்கள். தகட்டில் வாஷர்களைப் பற்றவைத்து, அவற்றைக் கொக்கியால் இழுத்து மடிப்பை வெளியே கொண்டுவந்தார்கள். ஹார்டனர் கலந்த பட்டியை மெல்லிசாக இழுத்து, காய்ந்ததும் தண்ணிப் பேப்பர் போட்டுத் தேய்த்து, பிரைமர், அதற்கு மேல் கலர், அதற்கு மேல் கிளியர் கோட். கூலி, சர்வீஸ் சென்டர் பில்லில் பாதிகூட இல்லை. ஒரு குறை உண்டு. மெட்டாலிக் நிறம், கோடு எண்ணைப் பார்த்துக் கலந்தாலும் ஸ்பிரே அடிக்கும் கைக்குத் தகுந்தபடி கொஞ்சம் மாறும். வெயிலில் நிறுத்தினால் அந்தக் கதவு மட்டும் தனியாகத் தெரிகிறது. “இருக்கட்டுங்க, எந்தப் பக்கம் இடிப்பீங்கன்னு மத்தவங்களுக்கும் தெரியணுமில்ல?” என்கிறாள் மனைவி. குடியிருப்போர் சங்கம் தூணுக்கு ரப்பர் கவசம் போட்டுவிட்டது. மற்ற தூண்களுக்கு அது தேவைப்படவில்லை.

நான் பழி போட்ட ஆட்டோக்காரர்களிடம், இல்லாத அந்த ஒருவர் உட்பட, மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். படிக்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மிக்ஜாம் புயல் மாதிரி வெள்ளம் வந்து கார் மூழ்கினால், பெரிய விபத்தில் முன்பக்கமே போனால், தயங்காமல் கிளெய்ம் போடுங்கள், இன்ஷூரன்ஸ் அதற்குத்தான். ஒரு கதவுச் சொட்டைக்கு வேண்டாம். முதலில் டிங்கரிங் கடையில் விலை கேளுங்கள், பாலிசியை எடுத்து உங்கள் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிக் கழியுங்கள். பாரத்தில் கையெழுத்தை அதற்குப் பிறகு போடலாம்.