நிற்றலின் இலக்கணம்: கம்பம் பள்ளத்தாக்கின் ஓட்டப் பாதைகளை முன்வைத்து

ஓடுவதற்கு அழகான பாதை எது என்ற கேள்விக்கு இன்றுவரை ஓடுகிறவர்களே பதில் சொல்லிவருகிறார்கள். ஆய்வு நெறிப்படி இந்தச் சாட்சியம் செல்லாது. ஓடுகிறவர் கண்ணில் படுபவை மூன்றே: காலுக்கு முன்னே பத்தடித் தரை, அதில் கிடக்கும் சாணி, மணிக்கட்டுக் கடிகாரம். வயலும் மலையும் அவர் பார்வைக்கு வந்தது எங்கேயோ இடுப்பில் கைவைத்து நின்றபோதுதான். எனவே இக்கட்டுரையின் கருதுகோள் வருமாறு: ஒரு பாதையின் அழகு என்பது, அதில் மானம் போகாமல் நிற்பதற்குக் கிடைக்கும் காரணங்களின் தொகை.

கருதுகோளைச் சோதிக்கத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு தேர்ந்துகொள்ளப்பட்டது. கிழக்கே மேகமலை, மேற்கே கேரள எல்லை மலை, நடுவே முல்லையாறு. லோயர்கேம்பில் தொடங்கி கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வீரபாண்டிவரை ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையும் வண்டிப்பாதையுமாக ஓடக் கிடக்கிறது.

முதல் சான்று ஆறேதான். பெரியாறு தன்பாட்டுக்கு மேற்கே போய் அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்த ஆறு. 1887இல் வேலையைத் தொடங்கி 1895இல் முடித்த பொறியாளர் பென்னிகுயிக் குறுக்கே அணை கட்டி அதை நிறுத்தினார். நின்ற தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்கி, இங்கே முல்லையாறாக ஓடுகிறது. மேலே நிறுத்தாமல் கீழே ஓட்டம் இல்லை. நிற்பதைக் கேவலமாகப் பேசும் ஓட்டப் பயிற்சியாளர்கள் ஒரு ஜனவரி 15 அன்று லோயர்கேம்பிலுள்ள பென்னிகுயிக் மணிமண்டபத்துக்கு வந்தால், அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிற விவசாயிகள் இதை இன்னும் தெளிவாக விளக்குவார்கள்.

இனி, தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்ற முறையில் பார்ப்போம். முதற்பொருள் நிலமும் பொழுதும். அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் முதல் தேதி மதகு திறக்கும். 14,707 ஏக்கர் இருபோக நிலம் நாற்றும் நடவுமாகப் பச்சை கட்டும். மே மாதத்தில் அதே பாதையில் ஓடியவர் வெறும் தாளடியைப் பார்த்துவிட்டு, ‘அழகுன்னு சொன்னாய்ங்களே’ என்று எங்களிடம் சண்டைக்கு வரக்கூடாது. பொழுதைப் பொறுத்தவரை இந்தப் பள்ளத்தாக்கு ஓட்டக்காரருக்கென்றே செய்தது. கிழக்கு மலை சூரியனைத் தாமதமாக விடுகிறது, மேற்கு மலை சீக்கிரமே வாங்கிக்கொள்கிறது. இரண்டு பக்கமும் நிழல் லாபம். ஆடியில் மட்டும் குமுளிக் கணவாயிலிருந்து காற்று இறங்கி நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அப்போது கூடலூரிலிருந்து கம்பம் நோக்கி ஓடுபவர் தன்னை வீரன் என்றும், கம்பத்திலிருந்து கூடலூர் நோக்கி ஓடுபவர் தன்னை நோயாளி என்றும் நினைத்துக்கொள்வார்கள். இருவருக்கும் ஒரே கால்தான்.

கருப்பொருளில் தலையாயது நாய். ஓடுகிறவரை நாய் துரத்துவது அவர்மேல் உள்ள விரோதத்தால் அன்று, ஓடுவதால். நின்றுவிட்டால் பெரும்பாலான நாய்களுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரிவதில்லை. கல் எடுக்கக் குனிவதுபோல் பாவனை செய்தால் போதும், கல் இருக்க வேண்டிய அவசியமில்லை. குனிந்த அந்த நிலையில், வாய்க்காலில் கொக்கு நிற்பது தெரியும். நாய் இல்லாத பாதையில் இந்தக் கொக்கு கிடையாது.

அடுத்த கருப்பொருள், கேள்வி கேட்பவர். இவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். பள்ளத்தாக்கு ஊர்களில் ஓடுகிறவர்கள் இரண்டே வகை. இருபத்தைந்துக்குக் கீழே என்றால் போலீஸ் செலக்சன். நாற்பதுக்கு மேலே என்றால் சுகர். முதல் வகையிடம் “எத்தனை நிமிசத்துல முடிக்கிறப்பா?” என்பார்கள். இரண்டாம் வகையிடம் “சாப்பிடறதுக்கு முன்னாடி எவ்வளவுண்ணே இருக்கு?” என்பார்கள். இடைப்பட்ட வயதுக்காரர்தான் கோட்பாட்டுச் சிக்கல். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தே வந்துவிடுகிறார்: “என்ன தம்பி, எவனும் வெரட்டுறானா?” இல்லை என்றால், “அப்பொறம் எதுக்குய்யா ஓடுற?” என்கிறார். மேலைத் தத்துவம் முழுவதையும் புரட்டினாலும் இதற்குப் பெரியவர் ஒத்துக்கொள்கிற பதில் கிடைக்காது. ஓடுவது பெண்ணாக இருந்தால் கேள்வியே வேறு. “பஸ்ஸ விட்டுட்டியா தாயி? இந்தா, பின்னாடி மினிபஸ் வருது” என்று கைகாட்டி வண்டியையும் நிறுத்திவிடுவார்கள். எப்படியானாலும் ஓட்டம் நிற்கிறது, கையில் டீ வருகிறது. கிளாஸைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே மேகமலை.

மூன்றாவது, திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு சமயத்தில் கவாத்து செய்வதால், வருஷத்தில் எந்த மாதம் ஓடினாலும் எங்கேயோ ஒரு தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டிருக்கும். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலுக்கடியில், பெண்கள் கொத்தைக் கையில் ஏந்தி, பழுதான பழத்தைச் சின்னக் கத்தரியால் நறுக்கித் தள்ளிப் பெட்டியில் அடுக்குகிறார்கள். கருநீலப் பழத்தின்மேல் சாம்பல் பூத்தாற்போல் ஒரு படலம். விரல் பட்ட இடம் மட்டும் பளபளக்கும். “இந்தாண்ணே, ரெண்டு தின்னுட்டு ஓடுங்க” என்று நீட்டினால் மறுப்பது மரியாதை அல்ல. இந்தப் பழத்தில் கொட்டை உண்டு. கொட்டையைத் துப்பிக்கொண்டே ஓடுவது எவராலும் ஆகாது. முயன்றால் சட்டையில் தெரியும். ஆகவே பன்னீர் திராட்சை தரும் நிறுத்தம் மறுக்க முடியாதது, நீண்டது, மானத்துக்குப் பங்கமில்லாதது. மருந்தடிக்கிற நாளில் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்காமல் ஓட வேண்டும். அன்று அந்தப் பாதை, எங்கள் சூத்திரப்படியே, அழகற்றது.

அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயப்போட்ட நெல், சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரரைப் பார்க்கப் போகும் கூட்டம், சித்திரையில் வீரபாண்டிக்குத் தீச்சட்டி எடுப்பவர்கள் ஆகியவையும் கருப்பொருள்களே. நெல்லை மிதித்து ஓடுபவருக்கு என்ன நேரும் என்பது விளக்கத் தேவையில்லாதது.

உரிப்பொருள், இரைத்தலும் இரைத்தல் நிமித்தமும். முல்லைத் திணைக்கு இருத்தலே உரியது என்று முன்னோர் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டதால், முல்லையாற்றங்கரையில் உட்கார்ந்தேவிடுகிறவரையும் இலக்கணம் தடுக்கவில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. இப்போதைய ஓட்டக் கடிகாரங்களில், ஆள் நின்றால் தானும் நின்று, நகர்ந்தால் தானும் நகரும் வசதி இருக்கிறது. நாய், டீ, திராட்சை, பெரியவர் அத்தனையும் கணக்கிலிருந்து கழிந்து, சுத்தமான வேகம் மட்டும் மிஞ்சும் என்கிறார்கள். இதை நாங்கள் மறுக்கவில்லை. எங்கள் கட்சிக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்கிறோம். பாதையில் பார்க்கத்தக்கதாக எவை இருந்தனவோ, அவற்றையெல்லாம் பொறுக்கியெடுத்துக் கழிக்கத் தெரிந்த கருவி அது. கழித்ததைக் காட்டும்படி மாற்றிக் கொடுத்தால் இந்த ஆய்வுக்கு உதவியாக இருக்கும்.

இவ்வளவையும் சீர்தூக்கியதில் முதலிடம் கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகும் பாதைக்கு. ஏறக்குறைய 10 கிலோமீட்டர். சுருளிப்பட்டியைச் சுற்றித் திராட்சைப் பந்தல், தென்னந்தோப்பு, நாய்கள் தாராளம், கேள்வி கேட்பவர்கள் அதைவிடத் தாராளம், முடிவில் குளிக்க அருவி. திரும்பி ஓடிவருவதுபற்றி ஆய்வு எதுவும் செய்யப்படவில்லை. அங்கிருந்து கம்பத்துக்குப் பஸ் இருக்கிறது.