மொதல்ல கல்வெட்டு, பொறவு ஊடு

வாங்க ஆபீசர் தம்பி, உக்காருங்க. ரிட்டயர் ஆனதும் கோயில் கோயிலா சுத்துவீங்கன்னு பாத்தா, அறக்கட்டள பத்திரத்தத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறீங்க. கூட வேல பாத்தவங்கல்லாம் சேந்து, வந்த பணத்துல ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஊடில்லாதவங்களுக்கு ஊடு கட்டித் தரப் போறீங்களாம். நல்ல காரியம். அதுக்கு எங்கிட்ட யோசன கேக்குறீங்க பாருங்க, அது அதவிட நல்ல காரியம். ஊட்டப் பத்தி ஊடு எழந்தவன்கிட்டதான் கேக்கணும்.

மொதல்ல ஒரு கல்வெட்டு செஞ்சுருங்க. கருப்புக் கிரானைட்டு, தங்க எழுத்து. தலைவரு, செயலாளரு, பொருளாளரு, அவங்க சம்சாரம், யாரையும் உட்டுப்புடாதீங்க. கல்வெட்டு தயாராயிட்டா அதப் பதிக்க ஒரு செவுரு வேணும். ஒரு செவுரு எழும்பிட்டா மிச்சம் மூணு எழுப்புறது பெரிய செரமமா? நான் பாத்த தரும ஊடு பாதிக்குமேல இப்பிடித்தான் வந்துது. பொறவு அதுல குடியிருக்க ஆளத் தேடுவாங்க.

ஆளுக்கு நம்ம நெய்வேலியில பஞ்சமா? 1930கள்ல ஜம்புலிங்க முதலியாரு கெணறு வெட்டயில கருப்பா என்னமோ வந்துச்சி. அவரு 620 ஏக்கரு கவருமெண்டுக்குக் குடுத்தாருன்னு சொல்லுவாங்க. 1957 மே 20ந் தேதி நேரு வந்து நெலக்கரிச் சுரங்க வேலயத் தொடங்கி வச்சாரு. முதலியாரு குடுத்தாரு, எங்ககிட்ட எடுத்தாங்க. மண்ணு என்னமோ ஒரே மண்ணுதான். உங்களுக்கு அந்த மண்ணுமேல பிளாக்கு பிளாக்கா குவார்ட்டர்ஸு, ரெண்டு பக்கமும் மரம் வச்ச ரோடு. முப்பத்தஞ்சு வருசம் இருந்துட்டு சாவிய ஒப்படச்சிட்டு இந்திரா நகர்ல மாடி ஊடு கட்டிக்கிட்டீங்க. தப்பில்ல. உங்க குவார்ட்டர்ஸுல பாத்திரம் தேச்ச பொம்பள எங்க குடியிருக்குதுன்னு என்னிக்காவது கேட்டீங்களா? புறம்போக்குல தகரக் கொட்டா. காண்ட்ராக்டு வேல பாக்குற பயலுவள்ல பாதிப் பேருக்கும் அதே கத.

இந்தாண்ட போனா வடலூரு. 1867ல வள்ளலாரு பத்த வச்ச தருமசால அடுப்பு, இன்னிக்கும் எரியுது. அதுக்கு நெலம் குடுத்தது எந்த ராசாவும் இல்ல தம்பி, பார்வதிபுரத்து சனங்க. 80 காணி. பசிக்கு அன்னிக்கே வழி பண்ணிட்டாங்க. சாப்புட்டுட்டுக் கை கழுவுன கெழவி ராத்திரிக்கு எங்க தல சாய்க்கிறதுங்கறதுதான் பாக்கி. அதுக்கும் ஒரு காலத்துல சத்திரம்னு ஒண்ணு இருந்துது. தஞ்சாவூரு சரபோஜி 1802ல ஒரத்தநாட்டுல முத்தம்பாள் சத்திரம் கட்டுனாரே, சும்மா கட்டடத்த மட்டுமா கட்டுனாரு? அத நடத்துறதுக்கு நெலத்தோட வருமானத்தயும் எழுதி வச்சாரு. இப்ப நம்ம பக்கம் சத்திரம்னு பேரு வச்சதெல்லாம் கலியாண மண்டபம். முகூர்த்த நாள்ல மேளம், மத்த நாள்ல பூட்டு. திண்ணையில எவனும் படுத்துடக் கூடாதுன்னு கம்பி வேற.

சிரிக்காதீங்க. எம் பேத்தி செர்மனியில படிக்கிறா. போன்ல ஒரு எடத்தக் காட்டுனா, ஆக்ஸ்பர்க்குன்னு ஊரு. அங்க யாக்கோப் ஃபுக்கர்னு ஒரு ஆளு. வட்டித் தொழிலு, யாவாரம், அதோட வெள்ளிச் சுரங்கம், செம்புச் சுரங்கம். ஆமா தம்பி, சுரங்கக்காரன்தான். அவன் 1521ல ஏழபாழைக்கு ஒரு குடியிருப்பக் கட்டி அறக்கட்டளயா எழுதி வச்சான். ஃபுக்கராய்னு பேரு. 67 ஊடு, 140 குடித்தனம். இன்னிக்கும் சுமார் 150 பேரு குடியிருக்காங்க. வாடக எவ்வளவுங்கறீங்க? வருசத்துக்கு 88 சென்ட்டு. சென்ட்டுன்னதும் கொல்லய நெனைக்காதீங்க, அவங்க ஊரு காசு. நம்ம கணக்குல நூறு ரூவா கூடத் தேறாது. கரண்டு, கணப்புக்குத் தனியாக் கட்டணும். கட்டி வச்சவன் குடும்பத்துக்காக ஒரு நாளைக்கு மூணு செபம் சொல்லணும். ராத்திரி பத்து மணிக்குக் கேட்டப் பூட்டிடுவாங்க, நேரங்கழிச்சி வந்தா அபராதம். அத மட்டும் நீங்க காப்பி அடிச்சிடாதீங்க, நம்ம ஆளுவ செகண்ட் ஷிப்டு முடிச்சி பத்தரைக்குத்தான் வருவாங்க.

நான் பேத்திகிட்ட என்ன கேட்டேன் தெரியுமா? ஐநூறு வருசமா யாருடி ஓட்ட மாத்துறதுன்னு கேட்டேன். அதுக்குன்னே காடு வச்சிருக்காங்களாம் தாத்தா, மரம் வித்து வர்ற காசுதான் முக்காலும், சுத்திப் பாக்க வர்றவங்க டிக்கெட்டுக் காசும் சேருதுன்னா. 1944ல குண்டு போட்டு அழிச்சதக்கூட அறக்கட்டளயே திரும்பக் கட்டிச்சாம். நம்மூர்ல ஒரு மழைக்கு ஒழுகுனா, கட்டிக் குடுத்தவன் போன் நம்பரு மாறிப் போயிருக்கும்.

கம்பெனிக்காரங்களக் கொற சொல்ல முடியாது. 2013 கம்பெனிச் சட்டத்துல, பெரிய கம்பெனிங்க மூணு வருசத்துச் சராசரி லாபத்துல நூத்துக்கு ரெண்டு சமுதாயத்துக்குச் செலவழிக்கச் சொல்லிட்டாங்க. அந்த சி.எஸ்.ஆர். பணம் மார்ச்சு மாசத்துல அடிக்கிற கோட மழ மாதிரி, பேஞ்சி ஓடிடும், கெணத்துல ஊறாது. ஏன்னா 2021ல திருத்துன விதிப்படி அறக்கட்டளயோட மூலதனத்துல போட்டா அது கணக்குல சேராது. ஒரு திட்டம்னா தொடங்குன வருசம் போக மூணு வருசத்துல முடிஞ்சாகணும். ஃபுக்கர் இன்னிக்கு நெய்வேலியில இருந்தா ஆடிட்டரு அவன உள்ளயே உட மாட்டாரு. உங்க பணம் அப்பிடி இல்ல, சொந்தப் பணம். அதுல பாதிய பேங்குல போட்டு, வட்டியில ஒழுகுறத அடச்சீங்கன்னா உங்கள யாரு கேக்கப் போறா? திறப்பு விழா போட்டோ மட்டும் கொஞ்சம் கொறையும்.

சுனாமி வந்துச்சே, நம்ம மாவட்டக் கரையிலதான். 2005 மார்ச்சுல கவருமெண்டு ஒரு ஏற்பாடு பண்ணிச்சி. எடம் நாங்க தர்றோம், தொண்டு நிறுவனம் ஊடு கட்டித் தரட்டும், ஊடு ஒண்ணுக்கு சுமாரா ஒன்னர லட்சம், 300லேருந்து 325 சதுர அடின்னு. அந்தக் கூட்டுனாலதான் ஆயிரக்கணக்குல ஊடு எழும்புச்சி, இல்லேங்கல. ஆனா நாகப்பட்டணம் பக்கம் சில ஊர்ல என்ன பண்ணாங்க? புது ஊடு வேணும்னா பழய ஊட்ட எழுதிக் குடுன்னாங்க. திண்ண வச்ச நல்ல ஊட்டயும் இடிச்சாங்க, நெழலுக்கு நின்ன மரத்தயும் வெட்டுனாங்க, வரிசையா கான்கிரீட்டு அடுக்குனாங்க. மீன்காரன் வலையக் காயப் போட எடம் இல்ல. சாயங்காலம் உள்ள உக்கார முடியாத சூடு. ஆராய்ச்சிக்காரங்க பின்னால வந்து எல்லாத்தயும் எழுதி வச்சாங்க. முன்னாலயே அங்க ஒரு ஆயாவக் கேட்டிருந்தா ஓசியில சொல்லியிருக்கும்.

அதே நாகப்பட்டணத்துப் பக்கந்தான் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன்ங்கற அம்மாவும். 1968ல கீழ்வெண்மணியில 44 பேர குடிசையோட எரிச்சாங்களே, அந்த ஊருக்கு அந்தம்மாவும் ஊட்டுக்காரரும் போயி வேல செஞ்சாங்க. 1981ல லாஃப்டின்னு ஒரு அமைப்பு. பண்ணையாருகிட்ட வெல பேசி, பேங்குல கடன் வாங்கி, ஏக்கரு ஏக்கரா பொம்பளைங்க பேருல எழுதி வச்சாங்க. மண்ணு கையில வந்த பொறவுதான் குடிசைய மாத்தி ஊடு கட்டற பேச்சு. அந்த வரிசையப் பாத்துக்கங்க தம்பி.

ஏன் சொல்றேன்னா, கலைஞர் கனவு இல்லம்னு 2024லேருந்து ஊட்டுக்கு மூணர லட்சம் கவருமெண்டே தருது, 360 சதுர அடி. போயிக் கேட்டா சொந்த எடத்துக்குப் பட்டா இருக்கான்னு கேப்பாங்க. எடம் இருந்தா நான் ஏன் புறம்போக்குல கெடக்குறேன்னு இவன் கேப்பான். ரெண்டு பேரு கேக்குறதும் நாயந்தான். அந்த நடுவுலதான் நீங்க நிக்கணும். மூணு சென்ட்டு மனைய வாங்கி அந்த ஊட்டுப் பொம்பள பேருல கிரயம் பண்ணி, தாலுக்கா ஆபீசுக்கு உங்க வெள்ளச் சட்டையோட கூடப் போயி உக்காந்தீங்கன்னா, உங்க சட்டைக்கே பட்டா பாதி நாள்ல வந்துரும். ஊடு கட்டக் கவருமெண்டுப் பணத்தக் கேக்கலாம். பத்தாக்கொற இருந்தா நம்ம அனல்மின் நெலயத்துச் சாம்பல்ல செஞ்ச செங்கல்லு ரெண்டு லோடு எறக்குங்க. அம்பது வருசமா எங்க மூக்குல ஏறுன சாம்பலு, செவுத்துலயாவது ஏறட்டும்.

எல்லாருக்கும் புதுசாக் கட்டணும்னும் இல்ல. 2011 கணக்கெடுப்புல நாடு பூரா ஊடில்லாதவங்க 17 லட்சத்துக்கு மேல, டவுன்ல பூட்டிக் கெடக்குற ஊடு மட்டும் ஒரு கோடிக்கு மேல. அட்வான்ஸுக் காசு இல்லாமயே நெறய பேரு வாடக ஊட்டுக்குப் போக முடியாமக் கெடக்காங்க. அந்த அட்வான்ஸ உங்க அறக்கட்டள கட்டி, காலி பண்ணயில திருப்பி வாங்கி அடுத்தவனுக்குக் கட்டுனா, ஒரே பணம் பத்து குடும்பத்த உள்ள ஏத்தும். என்ன ஆளுங்கன்னு ஊட்டுக்காரன் கேப்பான். அங்க உங்க சட்ட செல்லுதான்னு பாருங்க. பூட்டுக்குச் சாவி இருக்கு, சாவிக்குச் சாதி இருக்கு.

நெலத்தப் பத்தி இவ்வளவு பேசிட்டு ஒண்ணு சொல்லாம உடக் கூடாது. மந்தாரக்குப்பத்துலேருந்து உள்ளார எங்கிட்ட முப்பது சென்ட்டு கெடக்குது. எம் பேருல பட்டா, வில்லங்கம் கெடையாது, வாசல்லயே கரண்டுக் கம்பம். மூணு மூணு சென்ட்டாப் பிரிச்சா ஒம்போது மனையும் ஒரு பாதையும் வரும். வெல பேசிக்கலாம். எங்கப்பனுக்கு சுரங்கத்துல குடுத்த வெலயிலேருந்து மட்டும் பேச்ச ஆரம்பிச்சிடாதீங்க.