நாமிருவர், நமக்கு மூவர், காருக்கு இருவர்

வேட்டி நெய்து பிழைக்கிறவன் நான். ஜலகண்டாபுரத்தில் எட்டு விசைத்தறி ஓடுகிறது. பத்தடி தள்ளி நின்றே ஒரு துணியைப் பார்த்து, இது நாற்பத்தெட்டு அங்குலப் பன்னாவா, ஐம்பதா என்று சொல்லிவிடுவேன். இந்தத் திறமை ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் நான்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவன் கார் விஷயத்தில் அளக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. அகலம்.

மூத்தவளுக்கு இப்போது நாலரை வயது. அவளுக்குத் துணையாக இன்னும் ஒன்று இருக்கட்டும் என்று நானும் வீட்டுக்காரியும் பேசி முடிவெடுத்தோம். மூணாவது மாத ஸ்கேனில் டாக்டரம்மா திரையைப் பார்த்துச் சிரித்தார். “ரெண்டுங்க” என்றார். நான் பணிவாகத் திருத்தினேன்: “இல்லீங்க டாக்டர், மூணாவது மாசம்.”

சின்ன வயதில் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் சிவப்பு முக்கோணத்துக்குப் பக்கத்தில் ‘நாமிருவர் நமக்கிருவர்’ என்று எழுதியிருப்பதைப் படித்துத்தான் எழுத்துக்கூட்டக் கற்றேன். அந்தச் சுவரெல்லாம் வெள்ளையடித்தாகிவிட்டது. அந்த வாசகத்தை இன்னும் விடாப்பிடியாகக் காப்பாற்றி வருகிறவர்கள் கார் கம்பெனிக்காரர்கள் மட்டும்தான். குழந்தை இருக்கையை மாட்டுவதற்குப் பின்சீட்டின் இடுக்கில் இரும்பு வளையம் வைக்கிறார்களே, ஐசோஃபிக்ஸ் என்று பெயர், அது பெரும்பாலான கார்களில் இரண்டு ஓரத்துக்கு மட்டும்தான் உண்டு. நடுவில் கிடையாது. நடுவில் பிறந்தவன் பாடு அவன் பாடு.

இந்த ஞானமெல்லாம் எனக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. ஜெர்மனியில் இருக்கும் மச்சான், அதாவது வீட்டுக்காரியின் அண்ணன், லீவில் வந்தபோது வந்தது. சேலத்துக்கு எல்லோரும் ஒரே காரில் போனோம். ரெட்டையில் ஒன்று வீட்டுக்காரி மடியில், இன்னொன்று என் அம்மா மடியில். மூத்தவள் முன் சீட்டு இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டு, எனக்கு கியர் போடச் சொல்லிக்கொடுத்தபடி வந்தாள். மச்சான் தாரமங்கலம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் வந்தார். அப்புறம் ஆரம்பித்தார்.

“மாப்பிள, ஐம்பது கிலோமீட்டர் வேகத்துல வண்டி எங்கயாவது முட்டி அரை மீட்டர்ல நின்னா, உள்ள இருக்கற பொருள் எடை இருபது மடங்கு ஆகுங்க. குழந்தை எட்டொம்பது கிலோ இருக்குமா? நூத்தி அறுபது, நூத்தி எம்பது கிலோ. மூணு சிமெண்ட் மூட்டைக்கு மேல. அத்தை மடியில புடிச்சுக்குவாங்களா?”

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இவன மடியில வெச்சுக்கிட்டுத்தான் சாமி, சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு லாரியில போனோம். இப்ப இவன் என்ன ஆயிட்டான்? குண்டாத்தான இருக்கறான்?”

மச்சான் என்னைப் பார்த்தார். மறுக்க முடியாத சாட்சியாக நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சட்டமும் மச்சான் பக்கம்தான். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 194பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம். எங்கள் பக்கம் அதற்காக யாரையும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. நிறுத்துவதாக இருந்தால் கல்யாண முகூர்த்த நாளில் தாரமங்கலம் ரோட்டில் ஒரு வண்டி நகராது.

மச்சான் போகும்போது ஒரு குழந்தை இருக்கை வாங்கி வைத்துவிட்டுப் போனார். வாங்கித் தந்தவர் ஊருக்குப் போனாலும் அவமானம் போகவில்லை. மற்ற இரண்டை நான் வாங்கினேன். மூன்றும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தன. பாவு கொண்டுவந்த பையன் “அண்ணே, சலூன் வெக்கறீங்களா?” என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றையும் என் பழைய சின்ன காரின் பின்சீட்டில் வைத்துப் பார்த்தேன். ஒன்று உட்கார்ந்தது. இரண்டு உட்கார்ந்தது. மூன்றாவதை முழங்காலால் அமுக்கி உள்ளே தள்ளினால், முதலாவது அந்தப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கியது. அரை மணி நேரம் தலையணைக்கு உறை போடுகிற மாதிரி போராடிவிட்டு, அப்புறம்தான் தறிக்காரன் செய்ய வேண்டியதைச் செய்தேன். இஞ்சுடேப்பை எடுத்தேன். இருக்கை ஒன்று 44 சென்டிமீட்டர். மூன்றுக்கு 132. பின்சீட்டில் கதவுக்குக் கதவு 127. அதாவது சரியாக ஐம்பது அங்குலம், நான் அன்றாடம் நெய்கிற வேட்டியின் பன்னா! இரண்டு அங்குலம் குறைகிறது. இருபது வருஷமாக அந்த அகலத்தைத் தடவிப் பார்த்தே சோறு தின்கிறேன், அது என் காருக்குள்ளேயே விரித்துக் கிடந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்படியே நெருக்கித் திணித்தாலும் ஆகாது. பெல்ட்டின் கொக்கி இரண்டு இருக்கைக்கும் நடுவில் புதைந்துபோகும், மாட்ட விரல் நுழையாது. நடு சீட்டுக்கோ இடுப்பில் மட்டும் கட்டுகிற பெல்ட். நாலரை வயதுக்காரிக்கு அது போதாது, தோளையும் பிடிக்கிற பெல்ட் வேண்டும்.

அன்றிலிருந்து கையில் டேப்போடு ஷோரூம் ஷோரூமாக அலைந்தேன். விற்பனைக்காரப் பையன்கள் மைலேஜ் சொன்னார்கள், கூரையில் திறக்கிற ஜன்னலைக் காட்டினார்கள், பேசினால் பாட்டுப் போடுகிற பெட்டியைக் காட்டினார்கள். பின்சீட்டு உள் அகலம் என்ன என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அச்சடித்த தாளில் வெளி அகலம் இருக்கும், உள் அகலம் இருக்காது. வளையத்தைக் காட்டுங்கள் என்றால் அவர்களுக்கும் எங்கே என்று தெரியவில்லை. ஒரு பழைய கார்ச் சந்தையில் நானே இடுக்கில் கையை விட்டுத் துழாவினேன். முதலில் அரை கடலை மிட்டாய் வந்தது. அப்புறம் ஒரு தோட்டுத் திருகாணி. மூன்றாவது முறைதான் வளையம் அகப்பட்டது. திருகாணியை விற்பனைக்காரரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்த பார்வையில், வண்டியின் விலையில் சேர்த்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

“செவன் சீட்டர் எடுத்துருங்க, பிரச்சனையே இல்ல” என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடைசி வரிசைக்குப் போக வேண்டுமானால் நடு வரிசை சீட்டை மடக்கிக் கவிழ்க்க வேண்டும். அதில் குழந்தை இருக்கையை மாட்டிவிட்டால் கவிழ்க்க முடியாது. அப்புறம் பின்னால் போகிறவர் டிக்கி வழியாகத்தான் ஏற வேண்டும். வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னேன். பட்டுச்சேலையோடு டிக்கியில் ஏறுவதை அவள் மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள் போலிருக்கிறது. இரண்டு நாள் காப்பி சூடாக வரவில்லை.

அரசாங்கத்துக்கும் அகலத்தைப் பற்றிக் கவலை கிடையாது. 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சின்ன காருக்கு வரியைக் குறைத்தபோது நாலு மீட்டர் நீளம் என்று கோடு போட்டார். எங்கள் கணக்கில் எட்டே முக்கால் முழம். அன்றிலிருந்து ஒவ்வொரு கம்பெனிக்காரனும் அந்த எட்டே முக்காலுக்குள் அடங்குவதற்காக வண்டியின் பின்பக்கத்தை வெட்டி வெட்டி அனுப்புகிறான். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் அதே கோட்டில்தான் நிற்கிறது. இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40. அகலத்துக்கு வரிச்சலுகை என்று எவரும் ஒரு சட்டம் போடவில்லை. ஆகவே என் வீட்டில் மூன்றாவதாகப் பிறந்தவனுக்கு வரி 22 சதவீதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஐந்து நிமிடம் கழித்துப் பிறந்த குற்றத்துக்கு.

சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வேறு வழி சொன்னார். “நாமக்கல்லுல குடுங்க. என்ன அளவு வேணுமோ அந்த அளவுல பாடி கட்டித் தருவாங்க.” லாரிக்குச் சட்டப்படி 2.6 மீட்டர் அகலம் போகலாம். ஐந்து குழந்தை இருக்கையை வரிசையாக வைத்தால்கூட அதற்கு மேலே போகாது. ஒரு ராத்திரி முழுக்க, முன்னால் எலுமிச்சம்பழம் தொங்க, பின்னால் ‘சவுண்டு ஹாரன்’ எழுதி, பிள்ளைகளோடு காது குத்துக்குப் போய் இறங்குவதாகக் கனவு கண்டேன்.

அப்பா காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. வாடகை அம்பாசிடரில் முன்னாலும் பெஞ்சு, பின்னாலும் பெஞ்சு. பழனிக்கு நாங்கள் ஒன்பது பேர் போயிருக்கிறோம், டிரைவரையும் மொட்டையடிக்கக் கொண்டுபோன சேவலையும் சேர்க்காமல். சேவலுக்கு மொட்டையா என்று கேட்காதீர்கள். மொட்டை எனக்கு, சேவல் திரும்பும் வழியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு. அம்பாசிடர் 2014-இல் நின்றுபோனது. அந்தப் பெஞ்சில் பெல்ட் கிடையாது என்பது பிள்ளை பெற்ற பிறகுதான் உறைக்கிறது.

இதிலே ஒரு ஆறுதல், உலகத்தில் நான் தனியாள் இல்லை. ஜோர்டன் நிக்கர்சன், டேவிட் சாலமன் என்று அமெரிக்காவில் இரண்டு பேர் 2020-இல் ஒரு ஆய்வு எழுதினார்கள். ‘குழந்தை இருக்கைகளே கருத்தடை’ என்பதுதான் தலைப்பு. எந்த வயது வரைக்கும் குழந்தை இருக்கை கட்டாயம் என்று மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுகிறது அல்லவா, அதை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மூன்று இருக்கை காரில் அடங்காது என்பதால் மூன்றாவது குழந்தையே வேண்டாம் என்று விட்டவர்களால் 1980 முதல் சுமார் 1,45,000 பிரசவங்கள் குறைந்தன என்பது அவர்கள் மதிப்பீடு. சிவப்பு முக்கோணம் பாவம், சுவர் சுவராக நின்று கத்தியது. பின்சீட்டு சத்தமில்லாமல் சாதித்துவிட்டது. என் விஷயத்தில் அதற்கும் வாய்ப்புத் தரவில்லை, இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே டிக்கெட்டில் வந்துவிட்டார்கள்.

கடைசியில் காரைக் கண்டுபிடித்தது டேப் அல்ல, வீட்டுக்காரி. விற்பனைக்காரரிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி. “நடுவுல நடந்து போக வழி இருக்குங்களா?”

இருந்தது. நடு வரிசையில் பெஞ்சுக்குப் பதில் தனித்தனியாக இரண்டு நாற்காலி, நடுவே சந்து. கேப்டன் சீட்டாம். இரண்டிலும் வளையம். ரெட்டை இரண்டும் அங்கே. மூத்தவள் கடைசி வரிசையில் தோள் பெல்ட்டோடு, பக்கத்தில் வீட்டுக்காரி. முன்னால் நானும் அம்மாவும். ஆறு பேர், கணக்கு சரி. நாலு வருஷம் ஓடின வண்டி. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

தூங்கியிருக்கக் கூடாது. பத்து மாதக் குழந்தையைப் பின்னோக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். அந்த வயதில் தலையே உடம்பின் நீளத்தில் கிட்டத்தட்ட கால்வாசி, கழுத்து வாழைத்தண்டு. ஐரோப்பாவில் புது விதிப்படி பதினைந்து மாதம் வரைக்கும் அப்படித்தான். பின்னோக்கி வைக்கிற இருக்கை சாய்ந்து நிற்கும், நீளம் தின்னும். ஆக, இத்தனை நாள் அகலம் அகலம் என்று அலைந்தவன் இப்போது நீளத்தில் மாட்டிக்கொண்டேன். முன் சீட்டு இரண்டையும் முன்னால் தள்ள வேண்டியதாயிற்று. என் பக்கம் ஸ்டீயரிங் வயிற்றில் உட்கார்ந்தது. மூச்சை உள்ளே இழுத்தால்தான் இடதுபக்கம் திருப்ப முடிகிறது. அம்மா பக்கம் அவள் முட்டி டேஷ்போர்டில்.

“எனக்கு முட்டி மடங்காது சாமி. நீங்க போங்க, நான் பஸ்ஸுல வரேன்.”

ஆறு பேர் காரில் இப்போது ஐந்து பேர். பழைய காரிலும் ஐந்து பேர்தான் போவார்கள்.

முதல் பயணம், தாரமங்கலம் கைலாசநாதர் கோவில். பக்கத்து ஊர்தான். ஏழு மணிக்குக் கிளம்பினோம், அதாவது ஏழு மணிக்கு முதல் குழந்தையைக் கட்டினேன். வாரை இழுத்தால் கை உள்ளே சிக்கியது. கையை எடுத்தால் கால் வெளியே வந்தது. மூன்றாவதைக் கட்டி முடிப்பதற்குள் முதலாவது நனைத்துவிட்டது. அவிழ்த்து, துணி மாற்றி, திரும்பக் கட்டினேன். மூத்தவள் “அப்பா, ஒண்ணுக்கு” என்றாள். கொக்கி ‘டிக்’ என்று விழுகிற சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு குனிந்து நின்றேன். தறிச் சத்தத்தில் டிக் எது, டக் எது என்று தெரியவில்லை. தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். வண்டி நகர்ந்தபோது மணி ஏழே முக்கால்.

கோவில் வாசலில் அம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். சாமி கும்பிட்டு, நெற்றியில் விபூதி காய்ந்து, தூக்குவாளியில் புளிசாதம் பாதி தீர்ந்திருந்தது. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது.

“ஏஞ்சாமி இவ்வளவு நேரம்? வண்டி கிண்டி நின்னு போச்சா?”

நான் வயிற்றைத் தடவிக்கொண்டே இல்லை என்று தலையாட்டினேன்.

“போறப்ப பெரியவள எங்கூட அனுப்பு. ஜன்னலோரம் சீட்டுப் புடிச்சுத் தர்றேன்.”

திரும்பிப் பார்த்தேன். மூத்தவள் ஏற்கெனவே அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.