ஐந்திணையும் ஒரு பெருந்திணையும்: திண்டுக்கல் நகரத்து ஹோம் தியேட்டர் கொள்முதல் குறித்த ஆய்வு

திண்டுக்கல்லில் பூட்டு பார்த்து வாங்க மரபு உண்டு. பிரியாணிக் கடை தேர்வதற்கும் உண்டு. ஹோம் தியேட்டர் வாங்க மட்டும் இலக்கணம் செய்தார் எவருமில்லை. அக்குறை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வு எல்லை நாகல் நகர் முதல் பேகம்பூர் வரை. சின்னாளப்பட்டி தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

முதலில் வகைப்பாடு. 5.1 என்பது மேனாட்டார் கண்டுபிடிப்பு என்பர். தொல்காப்பியம் அறிந்தோர் அதை ஏற்கார். நடுவில் நின்று வசனம் பேசும் சென்டர் ஸ்பீக்கர் குறிஞ்சி. தலைவனும் தலைவியும் கூடுவது அங்கேதான். இருபுறமும் முன்னிற்பவை முல்லையும் மருதமும். பின்னால் போகும் இரண்டும் நெய்தலும் பாலையும். இரங்கலும் பிரிவும் அவற்றுக்கே உரியன, ஏனெனில் பெரும்பாலான வீடுகளில் அவற்றுக்கு வயரே இழுப்பதில்லை. எஞ்சிய அந்தப் புள்ளி ஒன்று, அதாவது ஊஃபர், அளவு மீறிய பெருந்திணை. முன்னாலிருந்து மட்டும் பேசிக்கொண்டு, பின்னாலிருந்து மறுமொழி பெறாத சவுண்ட்பார் கைக்கிளை. எழுதிணையும் நிறைந்தன.

இனி வரலாறு. 1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியோடும், மறு ஆண்டு ‘கறுப்பு ரோஜா’ டிடிஎஸ் ஒலியோடும் வந்தன. தியேட்டரில் தலைக்குப் பின்னால் கேட்ட சத்தத்தை வீட்டிலும் கேட்க ஆசை பிறந்தது அதன் பிறகே. ஆனால் இவ்வூர்ச் செவியைப் பழக்கியது டால்பி அன்று, கோயில் மைக்செட்டின் குழாய் ஸ்பீக்கர். கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவில் பயின்ற காது, சத்தம் அதிகமானால் தரமும் அதிகம் என்றே கொள்ளும். விற்பவர் இதை நன்கறிவார்.

“நாலாயிரம் வாட்ஸ்ணே. தெருவே அதிரும்.”

“பெட்டியைக் கொஞ்சம் திருப்பு தம்பி.”

பின்பக்க ஸ்டிக்கரில், பொடி எழுத்தில், 60 வாட் என்றிருக்கிறது.

“அது கரண்ட் எடுக்கிறதுண்ணே. இது சத்தம் குடுக்கிறது.”

இக்கூற்று மெய்யானால் மின்வாரியம் அனல் நிலையங்களை மூடிவிட்டு நாகல் நகரில் இரண்டு பெட்டி வைத்தால் போதும். பெட்டி மேல் பெரிதாக அச்சிடும் பிஎம்பிஓ எண்ணுக்குப் பொது அளவுமுறை கிடையாது. கம்பெனி விரும்பியதே கணக்கு. வீட்டுச் சுவரிலுள்ள 6 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு மொத்தமே 1,380 வாட்தான் வரும். எனவே கேட்க வேண்டியது, பெட்டி தொடர்ந்து தரும் ஆர்எம்எஸ் வாட். அதிலும் ஐம்பது வாட்டை நூறாக்கினால் கூடுவது 3 டெசிபெல். காதுக்கு இருமடங்காய்த் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவர் எந்தத் திணைக்கும் உரியவர் அல்லர்.

ஆய்வின் மையக் கருதுகோள் வேறு: இவ்வூரில் பலரும் வாங்கும் பெட்டி நல்லதுதான், ஹால்தான் சரியில்லை. டைல்ஸ் தரை, வெறுஞ்சுவர், ஒரு ஸ்டீல் பீரோ. கைதட்டினால் திரும்பக் கைதட்டுகிறது. 1895இல் ஹார்வர்டில் வாலஸ் சேபைன் என்ற பேராசிரியர், எதிரொலியால் பாழான ஓர் உரை அரங்கைச் சரிசெய்ய, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகச் சுமந்துவந்து பரப்பி அளந்தார். நம்மூரில் இலவம்பஞ்சு மெத்தையைப் பின்சுவரில் சாய்த்து, மடிப்பு மடிப்பாய்க் கனத்த திரை தொங்கவிட்டால் அதே பயன். சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையை ஒற்றையாய்க் கட்டிப் பார்த்தோரும் உளர். அழகாயிருந்தது, எதிரொலி குறையவில்லை.

பன்னிரண்டடி நீள ஹாலில் 47 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். ஊஃபரை மூலையில் தள்ளினால் அந்த ஒற்றைச் சுரம் மட்டும் வீங்கிக் கேட்கும். மூலையை விட்டு இரண்டடி நகர்த்திப் பார்க்கக் காசு ஆகாது.

கடையில் கேட்கும் முறையும் முக்கியம். அவர்கள் போடுவது குத்துப்பாட்டு. அதில் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும். நாம் கேட்க வேண்டியது மழை பெய்யும்போது பேசும் வசனக் காட்சி. வார்த்தை புரியாவிட்டால் சென்டர் ஸ்பீக்கர் தேறாது. வீட்டு டிவியில் ஒலியைப் பெட்டிக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி துளை இருக்கிறதா என்று புறப்படுமுன் பார்ப்பது, இரண்டாம் முறை பஸ் ஏறுவதைத் தவிர்க்கும். உடன்வரும் இல்லத்தரசி கேட்பது ஒன்றே: “அடுப்படிக்குக் கேக்குமா?” ஆய்வாளர் பலர் தவறவிட்ட கேள்வி இது.

சட்டமும் உண்டு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என வகுத்தன. நடைமுறை அளவுகோல், பக்கத்து வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் கிணுகிணுப்பது.

பின் ஸ்பீக்கர்களின் இடம் குறித்து இரு கொள்கைகள் நிலவுகின்றன. அமர்ந்தவர் காதுக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் கொஞ்சம் பின்தள்ளி என்பர் நூலோர். ஐந்தையும் டிவி ஷோகேஸிலேயே, கொலு பொம்மைக்கும் பூஜாடிக்கும் நடுவே, வரிசையாய் அடுக்குவதே முறை என்பர் வீட்டார். நம் ஆய்வெல்லைக்குள் இதுவரை வீட்டார் கொள்கையே வென்றிருக்கிறது.